எட்டாம் நம்பர் ஊசி

எண்கணித ஜோசியர்கள் எட்டைக் கண்டு ஏன் நடுங்குகிறார்கள் என்பது குரோஷா ஊசி வாங்கப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. அமெரிக்கக் கணக்கில் எட்டாம் நம்பர் ஊசி 5 மில்லிமீட்டர். பழைய இங்கிலாந்துக் கணக்கில் அதே எட்டு 4 மில்லிமீட்டர். சன்ன நூலுக்கான ஸ்டீல் ஊசியிலோ எட்டு என்றால் சுமார் ஒன்றரைதான். அமெரிக்க அலுமினிய ஊசி எண் ஏற ஏறப் பருக்கும். ஸ்டீல் ஊசி எண் ஏற ஏற இளைக்கும். போதாக்குறைக்கு ஜி என்றால் 4, ஹெச் என்றால் 5 என்று எழுத்துகள் வேறு. அதனால் எங்கள் வீட்டுச் சட்டம்: மில்லிமீட்டரைப் பார், மற்றதைப் பார்க்காதே.

சட்டம் இயற்றியவர் அத்தை. டிவி, மிக்ஸி, தண்ணீர்க் குடம் என்று உயிரற்ற எதையும் ஆடையில்லாமல் விடாதவர். ஒருநாள், “நூல்கண்டுச் சீட்டுல 4ன்னு போட்டிருக்கே அத்தை, அப்புறம் எதுக்கு யோசிக்கிறீங்க?” என்றேன்.

“போட்டவன் கைக்கு அது சரி. என் கைக்கு?”

நியாயமான கேள்வி. அத்தைக்கு இறுக்கமான கை, அம்மாவுக்குத் தளர்ந்த கை. ஒரே நூல், ஒரே ஊசி கொடுத்தால் அத்தை பின்னிய விரிப்பில் தண்ணீர் தேங்கும். அம்மா பின்னியதில் டம்ளரே கீழே இறங்கிவிடும். ஆகவே சீட்டு 4 என்றால் அத்தை நாலரை எடுப்பார், அம்மா மூன்றரை. இருவரும் சண்டை போட்டுவிட்டு உட்காரும் நாளில் கால் அளவு கூடக்குறைய ஆகும். அதற்குச் சீட்டில் இடமில்லை.

முறைப்படி, முதலில் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாக ஒரு சதுரம் பின்ன வேண்டும். அதன் நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். குறைந்தால் சின்ன ஊசி, கூடினால் பெரிய ஊசி. இதை ஒருவரும் செய்வதில்லை. பெரியப்பாவின் கொடைக்கானல் ஸ்வெட்டருக்கு 10 சென்டிமீட்டரில் 16 கண்ணி வேண்டியிருந்தது. சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்று 160 கண்ணி போட்டார் அம்மா. அவர் கைக்கு 14 கண்ணிதான் வந்தது. ஸ்வெட்டர் 114 சென்டிமீட்டர். மிச்சத்தை நிரப்பப் பெரியப்பா நெய் தோசையில் இறங்கினார், டாக்டர்தான் தடுத்தார்.

சென்னையில் 2016ஆம் ஆண்டு பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டரில் குரோஷா போர்வை பின்னிக் கின்னஸில் ஏறினார்கள். சாதனையைவிட, அத்தனை கைகளின் துண்டுகளையும் ஓரம் பொருத்தி இணைத்தவர்களின் பொறுமையை நினைத்தால்தான் எனக்கு மூச்சு வாங்குகிறது.

கை போக, பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. சீட்டில் 4 என்று போட்ட அதே நூலில் சால்வை பின்னினால் 5, 5.5 என்று ஏறலாம். துணி தோளில் வழிந்து விழும். சீட்டு சொன்னபடியே பின்னினால் சால்வை விறைத்துக்கொண்டு காவலுக்கு நிற்கும். பஞ்சு அடைக்கும் பொம்மை என்றால் 3 அல்லது 2.5க்கு இறங்கிவிட வேண்டும். என் பேத்திக்கு வந்த குரோஷா யானை ஒன்றுக்குக் கண்ணிக்குக் கண்ணி வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. “யானைக்கு நரைச்சிருச்சு” என்றாள் குழந்தை. அத்தை அதைக் கையில் வாங்கி வயிற்றை அமுக்கிப் பார்த்து, “நாலுல போட்டிருக்கா” என்றார். பிரேதப் பரிசோதனை அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

சீட்டு தொலைந்த கண்டானால் அத்தை நூலை இரண்டாக மடித்து, ஊசித் தண்டின் பக்கத்தில் வைத்துப் பருமன் ஒத்துப் பார்ப்பார். கைப்பிடியையோ கொக்கியின் வாயையோ பார்க்கக் கூடாது. அளவு என்பது தண்டில்தான். முதல் சங்கிலியை மட்டும் அரை அளவு பெரிய ஊசியால் போடுவார், ஓரம் சுருங்காமல் இருக்க.

இவ்வளவும் எனக்குத்தான். பக்கத்து வீட்டு மாமி வந்து கேட்டால் நூலின் நிறம், கடை, விலை எல்லாம் சொல்வார். ஊசி அளவு மட்டும், “என்னமோ மாமி, கைக்கு வந்ததை எடுத்துப் போட்டேன்.”