கதிரை தூக்க வந்த மகாராசா

போன மாதம் ஒரு காலை, எங்கள் நுகேகொடை ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, கக்கத்தில் இடுக்கியிருந்த கோப்பை விரித்து, பதினேழு கீழ் மூன்று 'ஏ' எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் ஒழுங்கையில் 17/3 இருக்கிறது. 17/3 பீ இருக்கிறது. 17/3/1 கூட இருக்கிறது. 'ஏ' எந்தக் காலத்தில் எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

"நீங்கள் யார்?" என்றேன்.

"பிஸ்கால், மாத்தயா."

குசினிக்குள் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் விறாந்தையில் கிடந்த இரண்டு பிரம்புக் கதிரைகளும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டன. எங்களுக்கு ஒரு சதக் கடன் கிடையாது. ஆனாலும் பிஸ்கால் என்ற சொல் காதில் விழுந்தால் கதிரைக்குக் கால் முளைப்பது கொழும்பில் பரம்பரை வழக்கம்.

அமெரிக்கப் படங்களில் ஷெரிப் என்றொருவர் நெஞ்சில் நட்சத்திரத்தோடு குதிரையில் வருவாரே, அவருடைய இலங்கைச் சகலன்தான், கோர்ட் கட்டளையோடு கடனாளி வீட்டுச் சாமானைத் தூக்க வரும் இந்தப் பிஸ்கால். ஷெரிப்புக்குக் குதிரையும் துப்பாக்கியும் கிடைத்தன. நம்மவருக்குக் கோப்பும் ஹெல்மெட்டும். ஆனால் இவர் பிறக்கும்போதே இப்படியில்லை. ஒரு காலத்தில் மகாராசா.

ஒல்லாந்தர் ஆட்சியில் ஆளைப் பிடிப்பதும் பிஸ்கால், வழக்குத் தொடுப்பதும் பிஸ்கால், தீர்ப்பு வந்ததும் தண்டனையை நிறைவேற்றுவதும் பிஸ்கால். அபராதத்தில் ஒரு பங்கும் அவருக்கே. இப்படியொரு சம்பளத் திட்டத்தில் வேலை பார்த்தவரின் கண்ணுக்கு ஊரில் எத்தனை குற்றவாளிகள் தெரிந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர்கள் கம்பனிக் கப்பலிலேயே சொந்தச் சரக்கை ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒல்லாந்திலிருந்த 17 முதலாளிமாருக்கு வயிறு எரிந்தது. 1680களில் 'சுயேச்சைப் பிஸ்கால்' என்று ஒருவரை உண்டாக்கி, ஆளுநருக்கும் கட்டுப்படாதவராக அனுப்பிவைத்தார்கள். பாலுக்குக் காவல் இருந்த பூனைக்கு மேலே இன்னொரு பூனை. பால் என்னவாகியிருக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை.

தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் அந்த வேலை பார்த்த கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ், 1703 இல் இலங்கைக்கே ஆளுநராக வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தாரின் சீதனம், முதுசம், ஒற்றி வழக்கங்களை எழுதி எடுக்கச் சொன்னவர் அவர்தான். திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுதினார், பன்னிரண்டு முதலியார்கள் சரி பார்த்தார்கள், 1707 இல் தேசவழமை பிறந்தது. சீதனக் காணிக்கு மச்சானும் மச்சானும் முறுகிக்கொண்டு போனால் அப்புக்காத்துமார் இன்றைக்கும் தூசி தட்டி எடுக்கிற சட்டம், ஒரு முன்னாள் பிஸ்காலின் கைங்கரியம்.

சிரிக்க முடியாத பக்கமும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புப் பிஸ்காலாக இருந்த பாரென்ட் வான் டெர் சுவானையும் மனைவியையும் ஆபிரிக்க அடிமைகள் கொன்றார்கள். அதன் பிறகு அடிமைகளை இரவில் ஏரிக்கு அப்பால் கொண்டுபோய் அடைத்ததால்தான் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்று பெயர் வந்தது என்பார்கள். சட்டமும் எசமானும் ஒரே ஆளாக இருக்கும் வீட்டில், முறைப்பாடு செய்ய அவர்களுக்கு எந்தக் கந்தோர் இருந்தது?

1796 பெப்ரவரி 16 இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பிஸ்கால் பதவி ஒழிந்தது. 1797 இல் திரும்ப உயிர் பெற்றது. அன்றிலிருந்து அவருடைய பேரரசு தேயத் தொடங்கியது. பிஸ்காலுக்குப் பொலிஸையும் பார்க்க நேரமில்லை என்று கண்ட ஆளுநர் நோர்த், அந்த வேலையை நீதவான்களிடம் தூக்கிக் கொடுத்தார். 1833 இல் கொழும்புக்கென்று தனிப் பொலிஸ் படையே வந்தது: ஒரு அத்தியட்சர், ஒரு தலைமைக் கான்ஸ்டபிள், 5 கான்ஸ்டபிள்கள், 10 சார்ஜன்ட்கள், 150 பியோன்கள். கொழும்பின் முதல் அத்தியட்சர் யார் தெரியுமோ? தோமஸ் ஒஸ்வின், பிரதம நீதியரசரின் செயலாளர். பெரியவரின் கதவுக்குப் பக்கத்து மேசையில் இருப்பவனுக்கே பெரிய பதவி என்ற நம் நாட்டுப் பொதுவிதிக்கு அன்றே வயது தொடங்கிவிட்டது.

1866 செப்டம்பர் 3 இல் பம்பாய் மாகாணத்து ரத்னகிரியிலிருந்து கேம்பல் என்ற அதிகாரி வந்து முழுத் தீவின் பொலிஸையும் கையேற்றார். அடுத்த வருடம் அவருக்குப் பொலிஸ் மா அதிபர் என்ற பட்டம். பிஸ்காலுக்கு? அதே 1867 இல் 4ஆம் இலக்கப் பிஸ்கால் கட்டளைச் சட்டம். ஒருவனுக்குக் குதிரையைக் கொடுத்துவிட்டு மற்றவனுக்குக் கடிவாளத்தின் ரசீதைக் கொடுத்த மாதிரி. ஒரு காலம் அவர் பொறுப்பிலிருந்த சிறைச்சாலைகளும் கைமாறி, 1905 இல் மேஜர் டி வில்டன் தலைமையில் தனித் திணைக்களமாகிவிட்டன. பொலிஸுக்காவது உத்துவன்கந்த சரதியேல் மாதிரி ஒரு கள்ளன் அகப்பட்டான், இரண்டு பேருக்கும் பெயர் நிலைத்தது. பிஸ்காலுக்கு அகப்பட்டதெல்லாம் கடன்பட்டவனின் பசுமாடு.

மாட்டிலும் நிபந்தனை உண்டு. 1889 ஆம் ஆண்டுச் சிவில் நடவடிக்கைமுறைக் கோவை கடனாளியின் உடுபுடவையையும் கட்டில் படுக்கையையும் தொடாதே என்கிறது. தொழிற்கருவியையும் தொடாதே, விவசாயியானால் அவனுடைய உழவு மாட்டையும் விதைநெல்லையும் தொடாதே. பறை அடித்து ஊரறியச் செய்துவிட்டுத்தான் ஏலம். அதாவது மானத்தை எடுக்கலாம், பாயை எடுக்கக்கூடாது.

கொழும்பில் இந்தக் கட்டளைகள் பிறக்கும் புதுக்கடை நீதிமன்ற வட்டாரத்தின் ஆங்கிலப் பெயர் ஹல்ஸ்டோப். ஒல்லாந்துத் தளபதி ஹெராட் ஹல்ப்டின் பெயரில் வந்தது. கொழும்புக் கோட்டையைப் பிடிக்க வந்து, 1656 இல் கோட்டை விழுமுன்பே செத்துப்போனவர். தீர்ப்பைக் கண்ணால் பார்க்காமல் போனவரின் பெயரிலேயே வழக்காடும் இடம் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! தீர்ப்பைப் பார்த்தவர்களுக்கும் அது வெறும் கடுதாசிதான், பிஸ்கால் அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக அலையும்வரை.

யோசித்துப் பார்த்தால் நம் நாட்டு வரலாறு முழுவதும் ஒரு பறிமுதலுக்குள் அடங்கிவிடும். போர்த்துக்கேயன் தந்த கதிரையை, ஒல்லாந்தன் தந்த பிஸ்கால், ஆங்கிலேயன் தந்த கோர்ட்டின் கட்டளைப்படி தூக்கிக்கொண்டு போகிறார். இதில் சுத்தத் தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்றுதான்: கடன்.

பகல் பன்னிரண்டரைக்கு அந்த மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. 'ஏ' அகப்படவில்லை. ஒழுங்கையின் இரண்டு முனைக்கும் நாலு தரம் போய்வந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் பார்த்தோம், தலை நரைத்து வேர்வையில் நனைந்திருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

மனைவி செம்பை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். பிரம்புக் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து விறாந்தையில் போட்டாள்.

"வாடி வென்ன, ஐயே," என்றாள்.

மகாராசா முதலில் கதிரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவருடைய உத்தியோகத்தில் கதிரை தருகிறவர்கள் அபூர்வம் போலிருக்கிறது. மெதுவாக, நுனியில் மட்டும் அமர்ந்தார்.