சொம்பும் ஷூவும்

ஓடி நிதி திரட்டுவது ஏதோ புதுசு என்று நினைக்கிறோம். புரட்டாசிச் சனிக்கிழமை நெற்றியில் நாமம், கையில் சொம்பு, வீட்டுக்கு வீடு 'கோவிந்தா' என்று தாத்தாக்கள் செய்தது வேறென்ன? சேர்ந்த சில்லறையை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வெறுங்காலில் திருப்பதிக்கு நடை. அலிபிரியில் 3,550 படி தனி.

இப்போது மராத்தானுக்குப் பயிற்சி எடுப்பவருக்கு ஷூ மட்டும் பல ஆயிரம், மணிக்கட்டில் நாடி பார்க்கும் கடிகாரம், இலக்கு 42.195 கிலோமீட்டர். நன்கொடை கேட்டு வாட்ஸ்அப் அனுப்புவார். நீல டிக் விழும், காசு விழாது. "ஷூ காசை நேரா கொடுத்திருக்கலாமேப்பா?" என்பார் சித்தப்பா. 2000இல் 89 வயது ஃபௌஜா சிங் குறைமாதக் குழந்தைகளுக்காக லண்டனில் ஓடியபோதும் எந்தச் சித்தப்பாவாவது கேட்டிருப்பார். நம் சித்தப்பா இதுவரை கொடுத்தது அந்தக் கேள்வி மட்டும்தான்.