மர்மக் கேக்

பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய 1930-களில், வெண்ணெயும் முட்டையும் எட்டாத பொருள்களாகிவிட, டின்னில் அடைத்து விற்ற தக்காளி சூப்பை மாவில் ஊற்றிக் கேக் சுட்டுச் சமாளித்த இல்லத்தரசிகளை நாம் பரிகசிப்பது தர்மம் அல்ல; தக்காளியின் புளிப்பு சமையல் சோடாவோடு கூடிக் கரியமில வாயுவை எழுப்ப, கேக் முறைப்படி உப்பிவிடுகிறபடியால், ரசாயன சாஸ்திரமும் அவர்கள் கட்சியே. வறுமை நீங்கிய பின்னும் அந்தக் கேக் நீங்காததுதான் விசித்திரம்.

இலவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றையும் தாராளமாகத் தூவி, சிரசில் க்ரீம் சீஸ் பூச்சும் அணிவித்த பிறகு, தக்காளி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் துப்பறியும் இலாகாவினராலும் கண்டறிய இயலாது. ருசி தெரியாத சரக்கைச் சேர்ப்பானேன் என்று கேட்பவர் இக்கலையின் அந்தரங்கம் அறியாதவர்: விருந்தாளி இரண்டாவது துண்டையும் விழுங்கும் வரை பொறுத்திருந்து, "இதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று வினவும் அந்தச் சுபமுகூர்த்தத்துக்காகவே அது சேர்க்கப்படுகிறது. 'மர்மக் கேக்' என்றே அதற்கு ஒரு நாமதேயமும் உண்டு.

புளிக்கவைத்த முட்டைக்கோஸைச் சாக்லேட் கேக்கில் கலக்கும் சாகசக்காரர்களோ, விருந்தாளி அதைத் தேங்காய்த் துருவல் என்று நம்பும்போது பரமானந்தம் எய்துகிறார்கள். தேங்காயையே போட்டிருக்கலாமே என்று சொல்லும் அதிதிக்கு மறுமுறை அழைப்பு வருவதில்லை.