பல்லையும் மனசையும் ஒளிச்சு வைக்கிற வித்தை

வாரும் மாப்ள, திண்ணையில உக்காரும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல முகாமாம்லா? ஒரு பக்கம் பல்லு பாக்காகளாம், இன்னொரு பக்கம் மனசு பாக்காகளாம். நீரு விடியுமுன்னே தண்ணி பாய்ச்சப் போயிருவேன்னு சொன்னீராம், உம்ம அத்தை சொன்னா. மூணு நாளா மோட்டாரு காயில் கருகிக் கிடக்கு, எந்தத் தண்ணியைப் பாய்ச்சப் போறீருன்னு நான் கேக்கவே மாட்டேன். ஓடுததுன்னு முடிவு பண்ணிட்டீரு, நல்ல முடிவு. ஆனா ஒரு நாளைக்கு ஓடினாப் போதுமாவே? 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு வீடா வந்து பிரஷரும் சுகரும் பாக்காக. நாளைக்கு இதுக்கும் வந்து கதவைத் தட்ட மாட்டாகன்னு என்ன நிச்சயம்? அதனால ஆயுசுக்கும் மாட்டாம இருக்க வழி சொல்லுதேன். எம் பேத்தி பல்லு டாக்டருக்குப் படிக்கா. லீவுல வந்தவ வாயைக் கிண்டி, எதிராளி கையில என்னென்ன ஆயுதம் இருக்குன்னு பூராவும் விசாரிச்சு வச்சிருக்கேன்.

மொத வித்தை பல்லுக்கு. வலி வாரது வரைக்கும் வாயைத் திறக்காதேயும். சொத்தை விழுததுக்கு முன்னால பல்லு மேல சுண்ணாம்பு நெறத்துல ஒரு புள்ளி விழுமாம். அந்த நேரத்துல டாக்டரு கண்ணுல பட்டீருன்னு வையும், புளோரைடைப் பூசி, ஒழுங்கா வெளக்கச் சொல்லி, இனிப்பைக் கொறைக்கச் சொல்லி, குழியே விழாமத் திருப்பிப்புடுவாக. பொறவு நடுச்சாமத்துல கிராம்பு தேடி அடுப்படியை உருட்டுத சொகம் உமக்கு எப்பக் கிடைக்கும்? வலிங்கது அநேகமா சொத்தை உள்ள நரம்பு கிட்டப் போனப் பொறவுதான் வரும். அது வரைக்கும் பொறுத்தா, புள்ளியில முடியுத காரியத்தை வேர் சிகிச்சை, தொப்பி மாட்டுததுன்னு ஆயிரக்கணக்குல செலவழிச்சு முடிக்கலாம். வசதி உள்ளவரு நீரு, செய்யும்.

முகாமுல அவுக வச்சிருக்கது ஒரு வெளிச்சம், ஒரு குட்டிக் கண்ணாடி, ஒரு கம்பி. கம்பின்ன உடனே வெளிறுதீரு பாத்தீரா? ஈறு பாக்குத கம்பிக்கு நுனியில கூரே கிடையாதுவே. அரை மில்லிமீட்டர் உருண்டைதான் இருக்கும். 3.5லேர்ந்து 5.5 மில்லிமீட்டர் வரைக்கும் கறுப்புப் பட்டை போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல மெல்ல இறக்கி, பட்டை எவ்வளவு முங்குதுன்னு பாப்பாக. பட்டை பூராவும் வெளிய தெரிஞ்சா ஆழம் ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். பாதி மறைஞ்சா ஈறு பல்லை விட்டு வெலக ஆரம்பிச்சிட்டு. பூராவும் முங்கிட்டா பல்லு ஆட்டம் காணப் போகுது. அழுத்துத அழுத்தம் 20 கிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்காம். கெடாய் வெட்டுல முன்ன நிக்கித ஆளு, 20 கிராமுக்குப் பயந்து வயக்காட்டுக்கு ஓடுதீரு.

பொறவு எண்ணுவாக. சொத்தை எத்தனை, சொத்தையால போனது எத்தனை, அடைச்சது எத்தனைன்னு மூணையும் கூட்டி ஒரு நம்பரு. 1938ல அமெரிக்காவுல கிளைனும் பால்மரும் கூட இருந்தவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எண்ணிப் பாத்துப் பழக்கத்துக்குக் கொண்டாந்த கணக்கு. ஒலகம் பூரா இன்னிக்கும் அதான். அதுல ஒரு சூது இருக்கு, கேளும். அந்த நம்பரு ஏறும், எறங்கவே எறங்காது. சொத்தையை அடைச்சாலும் எண்ணிக்கையில நிக்கும், புடுங்கிப் போட்டாலும் நிக்கும். எங்க அண்ணாச்சி ஒருத்தரு சொத்தைப் பல்லு பூராவையும் புடுங்கிட்டு, இனி எனக்குப் பல்லு நோயே இல்லன்னு மீசையை முறுக்கினாரு. பேத்தி கணக்குல அவருதான் ஊரிலேயே மொத மார்க்கு. இந்த நம்பரு ஊரு பல்லு எப்படி இருக்குன்னு சொல்லும், உம்ம பல்லுக்கு நாளைக்கு என்ன செய்யணும்னு சொல்லாது. அதுக்கு நீரு நாற்காலியில படுத்து வாயைத் திறக்கணும். வேண்டாம், நீரு திறக்காதேயும்.

வெத்தலை போயிலை போடுத ஆளுக்குத் தனி வித்தை இருக்கு. டார்ச்சு அடிச்சு வாய்க்குள்ள பாக்க விடாதேயும். மலைக்கு அந்தாண்ட திருவனந்தபுரம் ஜில்லாவுல 1996லேர்ந்து ஒரு சோதனை நடத்தியிருக்காக. 35 வயசு தாண்டினவுக வாயைப் பாக்கதுக்கு டாக்டரு கூட வரல. பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளருதான் டார்ச்சு வெளிச்சத்துல வெள்ளைத் தடிப்பு, செவப்புத் தடிப்பு, ஆறாத புண்ணுன்னு தேடியிருக்காக. சந்தேகம் வந்தா டாக்டருகிட்ட அனுப்பியிருக்காக. 2005ல கணக்குப் பாத்தா, போயிலையோ சாராயமோ பழகினவுகள்ல வாய்ப் புத்துநோய்ச் சாவு மூணுல ஒரு பங்கு கொறைஞ்சிருக்கு. வெறும் டார்ச்சுவே! எங்க வீட்டு எரும கட்டுத தொழுவத்துல தொங்குதுலா, அந்தச் சாமானம். அவ்வளவு மலிவா உசுரைக் காப்பாத்திக்கிடுதது உம்ம கௌரவத்துக்கு ஒத்து வராது.

அடுத்தது பயம். பயந்துட்டுதான் வரலன்னு சொல்லுததுக்கு வெக்கமா இருக்கும், அதான் மோட்டாரு மேல பழியைப் போடுதீரு. ஆனா பயத்துக்கும் அவுக அளவுகோல் வச்சிருக்காகவே! 1969ல கோரான்னு ஒருத்தரு நாலு கேள்வி எழுதினாரு. 1995ல இங்கிலாந்துக்காரரு ஹம்ப்ரிஸும் கூட இருந்தவுகளும் ஊசி பத்தி ஒண்ணு சேத்து அஞ்சாக்கினாக. நாளைக்குப் போகணும்னு நெனச்சா எப்படி இருக்கு, வெளிய உக்காந்திருக்கும்போது எப்படி இருக்கு, மிஷினைக் கண்டா, சுத்தம் பண்ணும்போது, ஈறுல ஊசி போடப் போனா எப்படி இருக்குன்னு கேப்பாக. ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 5. கூட்டுனா 19ஓ அதுக்கு மேலயோ வந்தா, இது சாதாரணப் பயம் இல்ல, பக்குவமாக் கையாளணும்னு வச்சிக்கிடுவாக. கையைத் தூக்கினா நிறுத்திருவேன்னு மொதல்லயே சொல்லிருவாக, இன்னிக்குப் பாத்துட்டு மட்டும் அனுப்புவாக, மரத்துப் போச்சான்னு பாத்துட்டுத்தான் தொடுவாக. உமக்கு ஒரு முப்பது வருஷப் பயம். அதை ஒரு தாளுல நம்பராக் கொடுத்துட்டா இத்தனை சலுகை கிடைக்கும். ஆனா நீரு வீரரு, வாயை இறுக்கி வச்சிக்கிடும்.

இனி மனசு. இங்கதான் நீரு கெட்டிக்காரரு. ரெண்டு மாசமா விடியக்காலம் மூணு மணிக்கு முழிச்சு முத்தத்துல நடக்கீரு. கேட்டா நாயி குலைச்சிச்சுங்கீரு. ஊருல நாயி செத்து வருஷமாச்சு. சரி, வித்தையைக் கேளும். அவுக கையில ஒம்பது கேள்வித் தாளு இருக்கும். ஸ்பிட்சர், குரோங்கே, வில்லியம்ஸ்னு அமெரிக்காக்காரவுக உருவாக்கினது, 2001ல வெளிய வந்துச்சு. காசு போட்டது பைசருங்கிற மருந்துக் கம்பெனி. ஆஹா, மருந்து விக்கத் தந்திரம்னு நீரு சந்தேகப்படலாம், நான் தடுக்கல. ஆனா தாளுக்குக் காசு கிடையாது, யாரு வேணும்னாலும் எடுத்துக் கேக்கலாம்னு விட்டுட்டாக.

போன ரெண்டு வாரத்துல எதுலயும் நாட்டம் இல்லாம இருந்துச்சா, மனசு கனத்துக் கிடந்துச்சான்னு மொத ரெண்டையும் கேப்பாக. சில இடத்துல இந்த ரெண்டை மட்டும் கேட்டு, 3 வந்தாத்தான் மிச்சத்துக்குப் போவாக. பொறவு தூக்கம், அசதி, பசி, நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லைங்கிற நெனப்பு, கவனம் நிக்காதது, ஒடம்பு மந்தமாகுததோ இருப்புக் கொள்ளாம அலையுததோன்னு வரிசையா வரும். இல்லவே இல்லைன்னா 0, சில நாள்னா 1, பாதி நாளுக்கு மேலன்னா 2, அநேகமா தெனமும்னா 3. மொத்தம் 27. நீரு என்ன செய்யணும்? எல்லாத்துக்கும் சுழி, சுழி, சுழி. கணக்குல நீரு பள்ளிக்கூடத்துலயே அதான் வாங்குவீரு, பழக்கம் விட்டுப் போயிருக்காது. நெஞ்சு படபடக்குது, தலை சூடேறுது, ஒடம்பு ஒளைச்சல்னு மட்டும் சொல்லி ஒரு டானிக்கு வாங்கிட்டு வந்துரும்.

வெள்ளைக்காரன் கேள்வி நம்ம மனசுக்கு எதுக்குன்னும் கேட்டுப் பாக்கலாம். அங்கயும் வழியை அடைச்சிட்டாக. கோல்ட்பர்க்குன்னு ஒருத்தரு 1972ல உண்டாக்கின கேள்வித்தாளைச் சுருக்கி 12 கேள்வியாக்கி, 1990கள்லேயே வேலூர் டாக்டருக தமிழ்ல நம்ம சனங்ககிட்ட சோதிச்சுப் பாத்துட்டாக.

கிறுக்குன்னு எழுதிருவாகளோன்னுதானே பயம்? அதுக்கும் கணக்குச் சொல்லுதேன். ஒம்பது கேள்வித் தாளுல 10 மார்க்கோ அதுக்கு மேலயோ வந்தா டாக்டரைப் பாக்கச் சொல்லுவாக. மொத மொதல்ல சோதிச்சப்ப, நோய் உள்ளவுக 100 பேருல 88 பேரை அது பிடிச்சிருக்கு, இல்லாதவுக 100 பேருல 88 பேரை விட்டிருக்கு. இப்ப நம்ம ஊருலேர்ந்து 100 பேரு போறாகன்னு வையும், அதுல 10 பேருக்கு நெசமாவே நோய்னு வையும். தாளு அதுல 9 பேரைப் பிடிக்கும். மிச்சம் 90 பேருல சும்மா இருக்க 11 பேரையும் சேத்து இழுக்கும். ஆக 20 பேரு மாட்டினா பாதிக்கு மேல நோய் இல்லாத ஆளுதான். தாளு ஒரு சுளகுவே. பொடைச்சு ஒதுக்கும், அம்புட்டுத்தான். ஒதுங்கினதுல கல்லு எது, மணி எதுன்னு கையால பொறுக்குதது டாக்டரு வேலை. அவரு உக்காந்து பேசுவாரு. தைராய்டா, ரத்தசோகையா, கடன் தொல்லையா, குடியா, வீட்டுல எழவு விழுந்துச்சான்னு கேட்டப் பொறவுதான் பேரு வைப்பாரு. சுளகுல விழுந்த ஒடனே யாரும் கிறுக்கன் ஆகுததில்ல. ஆனா சுழி போட்டு ஏமாத்தினா, சுளகு உம்மை நல்ல மணின்னு உள்ள தள்ளிரும். முழிப்பு மூணு மணிக்கு அப்படியே இருக்கும்.

ஒம்பதாவது கேள்வியில மட்டும் எனக்கு வெளையாட்டு வராது மாப்ள. செத்துட்டாத் தேவலைன்னு தோணுதா, ஒங்களை நீங்களே ஏதும் பண்ணிக்கிடத் தோணுதான்னு கேப்பாக. மத்த எட்டுலயும் சுழி இருந்தாலும், இதுல 1 விழுந்தா அன்னைக்கே உக்கார வச்சுப் பேசணும். இப்படிக் கேட்டா இல்லாத நெனப்பு வந்துருமோன்னு கெழவிகள்லாம் பயப்படுதாக. கேக்கதால அந்த நெனப்பு வாரதில்ல, சொல்ல ஒரு வழிதான் கிடைக்குது. முகாம் வரைக்கும் காத்திருக்க முடியலன்னா 14416க்குப் போன் போடும். டெலிமானஸ்னு 2022லேர்ந்து நடக்கு. ராப்பகலா எடுப்பாக, தமிழ்லயே பேசுவாக, காசு கிடையாது.

பல்லுக்காரியையும் மனசுக்காரரையும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வைக்கிதது கடைசி வித்தை. மனசுக்குக் கொடுக்குத மாத்திரைகள்ல பலது வாயை வறள வைக்கும். எச்சில் ஊறாத வாயில சொத்தை சீக்கிரம் ஏறும். மனசு செத்துக் கிடக்கவனுக்குப் பல்லு வெளக்கவே கை எழும்பாது. பல்லு கெட்டா வாயை மூடிட்டு நாலு பேரு இருக்க எடத்துக்கே போக மாட்டான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். அதனால எந்த மாத்திரை போடுதீருன்னு பல்லு டாக்டரு கேட்டா வானத்தைப் பாரும். வாய் காயுதான்னு மத்தவரு கேட்டா பூமியைப் பாரும். ரெண்டு நோயும் சேந்து சுகமா வளரட்டும்.

இத்தனையும் கேட்டுட்டு, அப்ப நாளைக்குப் போகவான்னு மூஞ்சியை வச்சிருக்கீரு. போறதுன்னா ஒரு நிபந்தனை. 1968ல உலக சுகாதார நிறுவனத்துக்கு வில்சன், யுங்னருன்னு ரெண்டு பேரு பத்து விதி எழுதிக் கொடுத்திருக்காக. சாரம் இதுதான்: வைத்தியம் கொடுக்க வழி இல்லாம நோயைத் தேடாதே, ஒரு நாள் கூத்தாத் தேடாதே. நம்ம நாட்டுல 2015-16ல எடுத்த கணக்குல, மனநோய் உள்ளவுகள்ல 100க்கு 70 பேருக்குக் கொறையாம வைத்தியமே போய்ச் சேரல. அதனால அவுக உம்மைக் கேள்வி கேட்டு முடிச்சதும், நீரு ரெண்டு கேள்வி கேளும். ‘இந்த மார்க்கைத் தூக்கிட்டு நான் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கெழமை, யாரைப் பாக்கப் போகணும்?’ ஒண்ணு. ‘அடுத்தாப்புல எப்ப வருவீக?’ ரெண்டு. பதில் இல்லாம போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டாகன்னா, அவுகளுக்கும் ஒரு சுழி போட்டுட்டு வாரும். மனசுக் கேள்வியை ஊர்க்காரன் பூராவும் பெஞ்சுல உக்காந்து கேக்க எடத்துல வச்சுக் கேட்டா, தனி ரூமு கேளும். மச்சான் காதுல விழும்னா நெசம் எவன் சொல்லுவான்?

அம்புட்டுத்தான். காலையில குளிச்சு, பல்லை வெளக்கிட்டுப் போவும். அன்னைக்கு ஒரு நாள் வெளக்கினா ஈறு ஏமாறாது, ஆனாலும் பேத்தி வயசுப் பிள்ளைக குனிஞ்சு பாக்க வாயிலா? வரிசையில நிக்குமுன்ன போயிலையைத் துப்பிரும். துப்புத எடத்தையும் பாத்துத் துப்பும், வாசல்ல தலைமை டீச்சரு நிக்கா.