பீப்பாய்ச் சோடா: நூற்பாவும் உரையும்

குளிரும் அழுத்தமும் குழாயும் பொறுமையும்
நான்கும் கூடின் நற்சோடா ஆகும்
என்மனார் பீப்பாய் இயல்புணர்ந் தோரே.

இந்நூற்பா எந்த ஏட்டிலும் இல்லை. நூற்பா இல்லாமல் உரை எழுதினால் மதிப்பிருக்காது என்பதால் உரைகாரரே இயற்றிக்கொண்டது.

'பீப்பாய்' என்றது ஈண்டு மரப்பீப்பாயை அன்று. அமெரிக்க வீடுகளில் 'கார்னி கெக்' எனப்படும், ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் உருளையை. கார்னிலியஸ் நிறுவனத்தால் பெற்ற பெயர். ஒருகாலத்தில் உணவகங்களுக்குக் குளிர்பானச் சாறு இதில்தான் போயிற்று. அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்து அனுப்பும் முறை வந்ததும் கெக்குகள் வேலையிழந்து மலிவாக விற்பனைக்கு வந்தன. வீட்டில் பீர் காய்ச்சுவோர் அள்ளிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து சோடாக்காரர்களும். பெப்சி வழி வந்தவை 'பால் லாக்', கோக் வழி வந்தவை 'பின் லாக்'. ஒன்றின் இணைப்பு மற்றதில் ஏறாது. இரு கம்பெனிகளின் பங்காளிச் சண்டை இப்படித்தான் வீட்டுக் கராஜ் வரை வந்து சேர்ந்தது.

குளிர் முதலில் வைக்கப்பட்டது என்னை எனின், மற்ற மூன்றும் அதை நம்பி இருத்தலான். சாதாரணக் காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே கெக்குக்கென்று இரண்டாவதாக ஒரு ஃப்ரிட்ஜ் வீட்டுக்குள் வரும். அதன் விலையைச் சோடாக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் உரையாசிரியர்கள் மௌனம் காக்கிறார்கள்.

அழுத்தம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அழுத்தம் கூடினால் கரையும் வாயுவும் கூடும் என்று 1803இல் வில்லியம் ஹென்றி சொல்லிவிட்டார். பீருக்குச் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு போதும். சோடாவுக்கு 30 வேண்டும். வாயு வரும் சிலிண்டர்ப் பக்கத்து மீட்டரை மட்டும் நம்பற்க. உள்ளே திரவமாக உள்ள வாயு கடைசிச் சொட்டு வரை இறங்கினாலும் முள் அசையாது. திரவம் தீர்ந்த பிறகே விழத் தொடங்கும். தராசில் நிறுத்துப் பார்ப்பதே வழி.

பொறுமையில்தான் மதபேதம். ஒரு சாரார் வாயுவைத் திறந்துவிட்டு ஒரு வாரம் போலக் கெக்கைத் தொடாமல் இருப்பர். மறு சாரார் அதைத் தரையில் கிடத்தி உருட்டியும் குலுக்கியும் சில நிமிடங்களிலேயே வாயுவை ஏற்றிவிடுவர். தாயைத் தானே இறுகப் பற்றும் குரங்குக்குட்டி, தாய் கவ்வித் தூக்கும்வரை சும்மா கிடக்கும் பூனைக்குட்டி என்று வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாக வாதிட்ட விஷயம் இதுவே. குலுக்குவோர் வடகலை, காத்திருப்போர் தென்கலை எனக் கொள்க. இவ்வுரைகாரர் தென்கலைப் பக்கம்; முதுகுவலி காரணம்.

இனி, நூற்பாவின் உயிர்நிலை குழாய். வாயுவை ஏற்றுவது யாராலும் ஆகும். ஏறியது தம்ளருக்கு வரும்வரை தங்குகிறதா என்பதே வழக்கு. கெக்குக்குள் 30 பவுண்டு, குழாய்முனையில் பூஜ்யம். இந்த இறக்கம் ஒரே இடத்தில் நிகழ்ந்தால் வாயு நுரையாகப் பொங்கி வெளியேறும். தம்ளரில் மிஞ்சுவது சப்பென்ற தண்ணீர். அதனால் உள்விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாயை இருபது அடிக்குமேல் நீட்டிச் சுருட்டிவைக்கிறார்கள். உட்சுவரில் உரசி உரசி அழுத்தம் மெல்ல இறங்கும். பீருக்கு ஐந்தாறு அடி போதும். அந்தக் குழாயைச் சோடாவுக்கும் மாட்டுவதே புதியவர்களின் வழக்கம். நுரை கண்டதும் அழுத்தத்தைக் குறைப்பார்கள். அப்போது கெக்கிலுள்ள தண்ணீரே நாளடைவில் வாயுவைக் கைவிட்டுப் புதிய அழுத்தத்துக்கு இசைந்துவிடும். மரியாதைக்காகக் குழாயைப் பாதி திறப்பதும் பிழை; வழி குறுகினால் நுரை மிகும். முழுக்கத் திற, தம்ளரைச் சாய் என்றவாறு.

சுருக்கென்பது குமிழியா, வாயுவா என்றொரு தடை எழும். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குமிழியே எழாத அளவுக்கு அழுத்தம் ஏற்றிய அறையில் ஆட்களை உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். சுருக்கு அப்படியே இருந்தது. நாக்கைக் கடிப்பது கரைந்த வாயுவிலிருந்து பிறக்கும் அமிலம். நுரையோடு போவது அழகல்ல, அந்தக் கடிதான். குழாயின் நீளத்துக்கு இதுவே நியாயம்.

செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் குடிப்போருக்கு ஓர் எச்சரிக்கை: சோடா செல்லும் வழியில் செம்போ பித்தளையோ கூடாது. அமிலம் செம்பைக் கரைத்து வயிற்றுக்கு அனுப்பிவிடும். ரூட் பீர் போட்ட கெக்கில் ரப்பர் வளையங்களை மாற்றாமல் வெறும் சோடா போட்டால், எத்தனை முறை கழுவினாலும் முந்தைய பானம் மணக்கும்.

'கடையில் ஒரு பாட்டில் வாங்கிவந்தால் ஆகாதா?' என்று வீட்டில் எழும் வினா நூற்பாவுக்குப் புறம்பானது. ஆதலின் அதற்கு ஈண்டு உரை எழுதவில்லை.