கட்சி மாறிய ஆட்டக்காரரும் கலங்கிய ரசிக நெஞ்சும்: திருவேற்காட்டை முன்வைத்து ஒரு கள ஆய்வு

முன்னுரை

2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. ஜடேஜாவோடு சாம் கரனும் போனார். அவரைப் பற்றி யாரும் பேசாததால் இக்கட்டுரையும் பேசாது. வதந்தியாகப் பல நாள் ஊறிக்கிடந்த செய்தி உறுதியானதும் திருவேற்காடு நகராட்சி எல்லைக்குள் ரசிக மனங்களுக்கு நேர்ந்த சேதம் இன்றுவரை முறைப்படி மதிப்பிடப்படவில்லை. கூவத்தில் வெள்ளம் வந்தால் கணக்கெடுக்க வருவாய்த் துறை இருக்கிறது. மனம் உடைந்தால் வந்து பார்க்க ஒரு கிராம நிர்வாக அலுவலர்கூட இல்லை. அந்தக் குறையை நீக்கும் எளிய முயற்சி இது.

இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: ஆட்டக்காரர் எதிரணிக்குப் போகும்போது ரசிகர் படும் துயரத்துக்குக் காரணம், போனவர் செய்த துரோகம் அன்று, அவர் இருந்த காலத்தில் ரசிகர் அவருக்குச் செய்த ஒன்றே.

களமும் முறையும்

கருமாரியம்மன் கோயிலை ஒட்டிய தெருக்கள், வேலப்பன்சாவடி சந்திப்பு, அயனம்பாக்கம் பக்கம் ஞாயிறுதோறும் கிரிக்கெட் நடக்கும் காலி மனைகள் ஆகியன ஆய்வுக் களமாகக் கொள்ளப்பட்டன. பங்கேற்று உற்றுநோக்கல் என்னும் முறை கையாளப்பட்டது. அதாவது டீக்கடையில் நின்று பிறர் பேச்சைக் கேட்பது. நிதி நல்கை ஏதும் கிடைக்காததால் பஜ்ஜி தவிர்க்கப்பட்டது. தகவலாளிகள் நால்வர்: ஒரு டீ மாஸ்டர், ஒரு ஷேர் ஆட்டோக்காரர், ஒரு பாலிடெக்னிக் மாணவர், கோயில் வாசலில் பூ விற்கும் ஓர் அம்மா. ஜடேஜா போனதை நான்காமவரிடம் முதலில் சொன்னவர் ஆய்வாளரே என்பதால், அந்த அதிர்ச்சியை நேரில் பதிவுசெய்யும் வாய்ப்பு கிட்டியது. “அந்த மீசக்காரப் புள்ளயா? எதுக்கு அனுப்புனாங்க?” என்று கேட்டவர், ஒரு முழம் அளந்து முடிக்கும்வரை வேறெதுவும் பேசவில்லை.

முன்னாய்வுகள்

இத்துறையில் மூலநூலாகக் கருதத்தக்கது பார்சிலோனா. 2000 ஜூலையில் லூயிஸ் ஃபிகோ அங்கிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 2002 நவம்பர் 23 அன்று பழைய மைதானமான கேம்ப் நவ்வுக்கு எதிரணிச் சட்டையில் வந்து, கார்னர் கிக் அடிக்க மூலைக்குப் போனபோது, கூட்டத்திலிருந்து பாட்டில்கள் பறந்தன. அவற்றோடு ஒரு பன்றித் தலையும் வந்து விழுந்தது. நடுவர் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தியே வைக்க வேண்டியிருந்தது. கோபத்தில் கைக்குக் கிடைத்ததை எறிவது மனித இயல்பு. பன்றித் தலை கைக்குக் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே திட்டமிட்டு, கறிக்கடைக்குப் போய், பையில் போட்டு, வண்டி பிடித்துக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு முன்தயாரிப்புள்ள கோபம் நம் பக்கத்தில் கல்யாண வீட்டுச் சண்டைகளில் மட்டுமே காணப்படுகிறது.

கால்பந்தில் உள்ளூர் ஒப்பீடு வேண்டுமென்று சென்னையின் எஃப்சி அணியை அணுகினோம். அதன் கேப்டனாக இருந்த அனிருத் தாபா 2023இல் மோகன் பகானுக்குப் போனார். ஏழாண்டு ஆடியவர், சாதாரண இழப்பன்று. இது குறித்து ஆட்டோக்காரரிடம் கேட்டபோது, “அனிருத் தாபாவா? மியூசிக் போடுவாரே, அவரு பைபாஸ்ல தாபா கூட வெச்சிருக்காரா?” என்று அவர் ஆர்வத்தோடு திருப்பிக் கேட்டார். கால்பந்துத் தரவுகளைத் திரட்டும் பணி அத்தோடு கைவிடப்பட்டது. கால்பந்துப் பேட்டையான வியாசர்பாடியில் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும் என்பதை நேர்மையாகக் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் அது வேறு ஆய்வாளரின் எல்லை.

ஆக, நம் களத்துக்கு உரிய பயிர் கிரிக்கெட்தான். அதில் ஃபிகோவுக்கு நிகரான உதாரணம் தீபக் சாஹர். சென்னைக்குப் பல ஆண்டு புதுப்பந்து போட்டவர், 9.25 கோடிக்கு மும்பை இந்தியன்ஸுக்குப் போனார். மும்பைக்கு! 2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் மும்பைச் சட்டையில் வந்து 15 பந்தில் 28 ரன் அடித்தார், ஒரு விக்கெட்டும் எடுத்தார். தோனி பேட் பிடிக்க வந்தபோது அருகில் நின்று கைதட்டிச் சீண்டவும் செய்தார். பார்சிலோனா அளவுகோலின்படி இதற்கு ஒரு முழுப் பன்றியே வந்திருக்க வேண்டும். சென்னை வென்றபின் கைகுலுக்கும் வரிசையில் தோனி பேட்டை ஓங்கி, சாஹருக்கு விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். அரங்கமே சிரித்தது, வழக்கு முடிந்தது. துரோகத்துக்கான தண்டனைச் சட்டத்தில் சேப்பாக்கத்துப் பிரிவு இவ்வளவே என்பது இதனால் பெறப்படும்.

எதிரணிக்குப் போனவர் மண்ணின் மைந்தராக இருந்தால் அந்தத் தட்டும் கிடையாது. 2015 வரை சென்னைக்கு ஆடிய அஸ்வின், புனே, பஞ்சாப், டெல்லி என்று சுற்றி ராஜஸ்தானுக்குப் போயிருந்த காலத்தில், 2023 ஏப்ரல் 12 அன்று சேப்பாக்கத்தில் 30 ரன்னும் 2 விக்கெட்டும் எடுத்து நம்மை 3 ரன்னில் தோற்கடித்தார். ஆட்ட நாயகனும் அவரே. டீ மாஸ்டரின் தீர்ப்பு: “தோத்தா என்ன சார், நம்ம பையன் கையாலதான தோத்தோம்.” அதே ஆண்டு இறுதிப் போட்டியில் குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்து நம் வயிற்றில் புளி கரைத்த சாய் சுதர்சனுக்கும் இதே சலுகை வழங்கப்பட்டது. ஜடேஜாவோ ஜாம்நகர்க்காரர். இச்சலுகைக்குச் சட்டப்படி உரிமையில்லாதவர். ஆயினும் அவர்மேல் ஊருக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே இவ்வாய்வின் மையச் சிக்கல்.

பிரிவும் அதன் இலக்கணமும்

தலைவன் பிரிவுக்கான காரணங்களைத் தொல்காப்பியர் எண்ணி வைத்துவிட்டுப் போயிருப்பதால் நம் வேலை எளிது. ஓதற் பிரிவு பொருந்தாது. 36 வயதில் யாரும் ஜெய்ப்பூருக்குப் படிக்கப் போவதில்லை. தூதும் அன்று. பகைவயிற் பிரிவு என்று சொல்லலாமென்றால், அது பகைவரோடு போரிடப் போவது. பகைவரிடம் சம்பளத்துக்குச் சேர்வதை இலக்கணம் எதிர்பார்க்கவில்லை. அடுத்தது பொருள்வயிற் பிரிவு. உரையாசிரியர்கள் எவராயினும் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சென்னையில் 18 கோடி வாங்கிக்கொண்டிருந்த ஜடேஜாவுக்கு ராஜஸ்தானில் 14 கோடி. பொருளைக் குறைத்துக்கொள்வதற்காகப் பாலை நிலம் கடந்த தலைவன் சங்க இலக்கியம் முழுவதிலும் ஒருவன்கூட இல்லை. போன திசை ராஜஸ்தான் என்பதால், பாலை மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பரத்தையிற் பிரிவு என்று மாணவர் ஒரு யோசனை சொன்னார். “நம்மள வுட்டுட்டு அங்க போய்ட்டாருல்ல?” இதைத் தொடர்ந்து ஆராய்ந்ததில் ஒரு சங்கடம் வெளிப்பட்டது. ஜடேஜா ஐபிஎல்லில் கால் வைத்ததே ராஜஸ்தானில்தான். 2008 ஜூன் 1 அன்று முதல் இறுதிப் போட்டியில் கடைசிப் பந்தில் நம்மைத் தோற்கடித்த ஷேன் வார்னின் அணியில் அவரும் இருந்தார் (ரன் எடுக்கவில்லை என்பது சிறு ஆறுதல்). 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலர் கொடுத்துத்தான் அவரைச் சென்னை கூட்டிவந்தது. எனில் ராஜஸ்தானே முதல் வீடு. இடைப்பட்ட காலத்தில் நாம் யார் என்ற கேள்வி எழுகிறது. ஆய்வு நெறி கருதி இது மேற்கொண்டு விவாதிக்கப்படவில்லை.

சான்று: ஒரு நள்ளிரவும் ஒரு நடிப்பும்

இனி உண்மைக்கு வருவோம். ஜடேஜா சென்னைக்கு ஆடிய கடைசிச் சில ஆண்டுகளில், அவர் பேட் பிடித்துக்கொண்டிருந்தபோது சேப்பாக்கமும், சேப்பாக்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த திருவேற்காடும் என்ன வேண்டிக்கொண்டன? அவர் அவுட்டாக வேண்டும் என்று. அவர் போனால்தான் அடுத்து ‘தல’ தோனி வருவார். நம் ஆள் பந்தைத் தூக்கி அடிக்கிறார், எதிரணிக்காரன் கேட்ச் பிடிக்கிறான், மஞ்சள் கூட்டம் எழுந்து நின்று விசிலடிக்கிறது! தன் அணியின் விக்கெட் விழுவதைக் கொண்டாடும் ரசிகர் கூட்டம் விளையாட்டு உலகில் அபூர்வம். 2023இல் ஒரு பரிசளிப்பு மேடையில் ஜடேஜாவே இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்: நான் மேலே இறங்கினால், நான் அவுட்டாக வேண்டுமென்றுதான் இவர்கள் காத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டு சொன்னதால் நாமும் சிரித்தோம்.

2024 ஏப்ரல் 8 அன்று கொல்கத்தாவுடன் ஆட்டம். பந்துவீச்சில் 18 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து வெற்றிக்கு வழிசெய்தவர் ஜடேஜா. கடைசியில் ஒரு விக்கெட் விழுந்தபோது, பேட்டைத் தூக்கிக்கொண்டு தானே இறங்குவதுபோல் நடந்துவந்தார். அரங்கத்தின் முகம் வாடியது. நான்கடி நடந்துவிட்டுக் குறும்புச் சிரிப்போடு திரும்பிப் போனார். பின்னாலிருந்து தோனி வந்தார். அன்று எழுந்த இரைச்சலில் தோனி மேலிருந்த பாசம் எவ்வளவு, ஜடேஜா வராததன் நிம்மதி எவ்வளவு என்று பிரித்தெடுக்கும் கருவி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அதே ஆட்டத்தையொட்டித்தான் அணி நிர்வாகம் அவருக்குத் ‘தளபதி’ பட்டத்தை உறுதிசெய்தது. வீரனைக் கௌரவித்து ஓரமாக நிற்கச் சொல்வதில் நமக்கு நீண்ட மரபு உண்டு.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று. அகமதாபாத், 2023 இறுதிப் போட்டி. மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், மே 30 பிறந்தபின் நள்ளிரவு தாண்டி முடிந்த ஆட்டம். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மாவின் பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவரை இடுப்போடு தூக்கிக்கொண்டார். அன்றிரவு இவ்வூரில் ஒருவர்கூட ஜடேஜா அவுட்டாக வேண்டிக்கொள்ளவில்லை என்று தகவலாளிகள் அனைவரும் உறுதியளித்தனர். காரணம் கேட்டபோது முதலில் பக்தி, விசுவாசம் என்றெல்லாம் சொன்னார்கள். ஆட்டோக்காரர்தான் மெதுவாக இழுத்தார்: “தல ஏற்கெனவே மொத பால்லயே அவுட்டாயிட்டாரு இல்ல…”

கருதுகோள் இத்துடன் நிறுவப்பட்டது. நவம்பரில் இவ்வூரில் வடிந்தது துயரம்போலத் தோற்றமளித்த கூச்சமே.

புறச்சான்றாக ஒரு மஞ்சள் ஜெர்சி. மாணவருடையது, முதுகில் 8 என்ற எண்ணும் ஜடேஜா பெயரும். செய்தி வந்த வாரம் அதை எடுத்துக்கொண்டு பிரிண்ட் போடும் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, முதல் எழுத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிக் காட்டி, “உரிச்சிரலாம் தம்பி, ஆனா எடம் மட்டும் திட்டா தெரியும். வெயில் படாத துணி பாரு, புதுசு மாதிரி இருக்கும்” என்றாராம். மாணவர் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முதல் எழுத்தின் ஒரு மூலை மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆய்வாளர் தொட்டுப் பார்த்தார்.

புதுவரவு பற்றிச் சிறு குறிப்பு

சஞ்சு சாம்சனை ஏற்பதில் ஊருக்குச் சிரமம் இருக்கவில்லை. 2023இல் ரஜினியை வீட்டுக்கே போய்ப் பார்த்து, சின்ன வயதுக் கனவு நிறைவேறியதென்று படம் போட்டவர் என்ற ஒரு தகுதி டீக்கடைப் பொதுக்குழுவுக்குப் போதுமானதாயிற்று. மேலும் சென்னையும் ராஜஸ்தானும் 2016, 2017 இரண்டாண்டும் சேர்ந்தே தடையில் இருந்தவை. ஒன்றாக வெளியே நின்றவர்கள் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டால் அதைப் பகை என்று சொல்ல முடியாது. “மும்பைக்கா போனாரு? பெங்களூருக்கா போனாரு? வுடு சார்.”

உள்ளூர் முன்னுதாரணம்

திருவேற்காடு இவ்வளவு அமைதி காப்பதற்கு ஆழமான காரணமொன்று பெரியபுராணத்தில் இருக்கிறது. பக்கத்துக் குன்றத்தூர்க்காரர் சேக்கிழார் எழுதியதால் செய்தி நம்பகமானது. அறுபத்து மூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் இவ்வூரில் பிறந்தவர். அடியார்களுக்குச் சோறிட்டே சொத்தைக் கரைத்தவர், பிறகு தாம் கற்றிருந்த சூதாட்டத்தில் இறங்கினார். ஆட்டத்தில் அசைக்க முடியாத ஆள். முதல் ஆட்டத்தைத் தோற்றுக் கொடுத்து, அடுத்தடுத்த ஆட்டங்களில் பிடிப்பது அவருடைய பாணி. வென்ற பொருளைத் தாம் தொடாமல் அடியார் அமுதுக்கே கொடுத்துவிடுவார். தோற்றபின் தகராறு செய்தவரைச் சுரிகையால் குத்துவார். நடுவர் மறுபரிசீலனை வழக்கத்தில் இல்லாத காலம். விளைவு, ஊரில் அவரோடு ஆட ஒருவரும் முன்வரவில்லை. நாயனார் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் குடந்தையில் தங்கி ஆடினார். திருவேற்காட்டின் ஆவணப்படுத்தப்பட்ட முதல் டிரான்ஸ்ஃபர் இதுவே.

ஊர் தன் நட்சத்திரத்தைத் தானே வெளியேற்றிவிட்டு, பிறகு கையெடுத்துக் கும்பிட்டது. இன்றும் கார்த்திகை மூலத்தில் அவருக்குக் குருபூசை. ஜடேஜா செய்தி வந்தபின் சில நாளில் கார்த்திகையும் பிறந்துவிட்டது. இரண்டு நிகழ்வுகளையும் தொடர்புபடுத்தும் எண்ணம் தகவலாளிகள் எவருக்கும் இருக்கவில்லை. ஆய்வாளருக்கு மட்டும் இருந்தது. இதுவே ஆய்வாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு.

இறுதிக் கட்டக் கேள்வி

சேப்பாக்கத்தில் ஜடேஜா இளஞ்சிவப்புச் சட்டையில் பேட் பிடிக்க வந்தால், அவர் அவுட்டாக வேண்டிக்கொள்வீர்களா? முன்பு பாவமாக இருந்த வேண்டுதல் இப்போது நியாயமாகவே ஆகிவிட்டது. பழக்கமும் உண்டு, புதிதாகக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஆயினும் மாணவர் தயங்கினார்: “அவரு அடிக்கட்டும்ணா, ஆனா நாம ஜெயிக்கணும்.” டீ மாஸ்டர் ஐம்பது ரன்வரை அனுமதித்தார். பூக்கார அம்மா, “நல்லா இருக்கட்டும், எங்க ஆடுனா என்ன” என்று நழுவினார்.

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார்: “அவரு அவுட்டானா மட்டும்? அடுத்து தலயா சார் வரப்போறாரு?”