சிலைக்கு விடுமுறை இல்லை

கேள்வி: வேலு நாச்சியார், குயிலி கதைகளைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். பிறகு சிலையும் நினைவுச் சின்னமும் எதற்கு?
- வாசகி, மேலூர்

பதில்: பாடம் பரீட்சையோடு முடிந்துவிடும், சிலைக்கு விடுமுறையே கிடையாது!

1772-இல் காளையார்கோவிலில் சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதரைக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை கொன்றது. கைக்குழந்தை போல மகளைக் காத்து விருப்பாச்சிக்குப் போன நாச்சியார், ஹைதர் அலியின் துணையோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். ஜான்சி ராணி வாளெடுத்தது அதற்கு முக்கால் நூற்றாண்டு கழித்துத்தான்.

நாச்சியாருக்குத் தபால்தலை 2008-இல்தான் வந்தது. மணிமண்டபம் அதற்கும் பின்னால். ஊர் மக்களோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. நாச்சியார் போன வழியைச் சொல்ல மறுத்து வெட்டுப்பட்ட உடையாள்தான் கொல்லங்குடி வெட்டுடையார் காளி என்பது செவிவழிச் செய்தி. நாச்சியார் தன் தாலியையே அங்கே காணிக்கையாக்கினார் என்பார்கள்.

உடம்பில் தீ வைத்துக்கொண்டு கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தவள் நாச்சியார் படையின் குயிலி என்பதும் மக்கள் காத்த கதையே. ராணிக்கு ஏட்டில் இடமுண்டு; குயிலிக்கும் உடையாளுக்கும் மக்கள் நினைவுதான் ஏடு. அதனால் அவர்களுக்குத்தான் கல்லும் வெண்கலமும் அதிகம் தேவை.

மதுரையிலிருந்து சிவகங்கை பக்கம்தான். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். படம் எடுக்குமுன் கதையைச் சொல்லுங்கள்.